அடிவயிற்றுக் கோடு

அத்தியாயம் 14

"தலை முதல் கால் வரைக்கும்" என்று மாப்பிள்ளையின் தாய் சித்தி பரீதா போன கிழமை சொன்னபோது, நபீஸாவின் காதில் தலையும் காலும் மட்டும்தான் விழுந்தன. தலை என்றால் கொண்டை, பூ, முக்காடு. கால் என்றால் மருதோண்டி. இரண்டுக்கும் நடுவில் ஒரு உடம்பு இருக்கிறது, அதற்கும் மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்புவார்கள் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

அன்றைக்குச் சித்தி பரீதா புது உடுப்புப் பெட்டியோடு வந்திருந்தாள். கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "பொண்ணுட அலங்காரம் எங்கட பொறுப்பு. எங்கட மகள் ஜெஸ்மின் பார்லர் வச்சிருக்கிறதே இதுக்குத்தானே" என்றாள். சம்பந்தி வீட்டுச் சீர் தானாக வாசலுக்கு வரும்போது வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்லுவாள்? நபீஸாவும் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினாள்.

நேற்றுப் பின்னேரம்தான் ஜெஸ்மினிடமிருந்து போனில் குரல் செய்தி வந்தது. "மாமி, நாளைக்கு ஜும்மா நேரம் வாறன். ஆம்பிளையள் வீட்டுல இருக்கமாட்டாங்கதானே. பேஷியல், கை கால் வாக்ஸ், பிகினி வாக்ஸ் எல்லாம் ஒரே இருப்பில முடிச்சிரலாம்."

நபீஸா அதை மூன்று தரம் போட்டுக் கேட்டாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, "அதென்னடி அந்தக் கடைசி வாக்ஸ்?" என்று கேட்டாள். அடிவயிற்று மயிரை மெழுகு போட்டு எடுப்பது என்று பஹ்மியா சொன்னாள். நபீஸா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

காரணம் இல்லாமல் இல்லை. பஹ்மியாவின் அடிவயிற்றில், மயிர் தொடங்கும் இடத்தில், குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது. ஒரு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. மயிர் இருக்கும்வரை அது இருப்பது யாருக்கும் தெரியாது. களைந்தால் அப்பட்டமாகத் தெரியும்.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் சூலகத்தில், அதாவது சினைப்பையில், ஒரு கட்டி வந்தது. தென்னங்குரும்பை அளவு என்று டொக்டர் கையால் காட்டினார். கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். கட்டி மட்டும்தான், வேறொன்றும் இல்லை. பிள்ளைப்பேற்றுக்கு ஒரு குறையும் வராது என்று அந்த டொக்டர் தெளிவாகச் சொன்னார். நபீஸாவுக்கு அவர் பேச்சில் நம்பிக்கை இருந்தது. ஊரின் பேச்சில்தான் பயம். "வயித்துல கத்தி பட்ட புள்ள" என்று ஒருத்தி ஆரம்பித்தால் போதும், நாலாவது வாயில் அது "பிள்ளை தங்காத புள்ள" ஆகிவிடும்.

அதனால் அவள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். பஹ்மியா கொழும்பில் ஒன்றரை மாதம் கம்பியூட்டர் படிக்கப் போயிருக்கிறாள் என்று ஊருக்குச் சொன்னாள். திரும்பி வந்த அன்றைக்கே, ஆஸ்பத்திரியில் கொடுத்த டயக்னோசிஸ் கார்டை, என்ன நோய், என்ன வெட்டு என்று எழுதிக் கையொப்பமிட்ட அந்த அட்டையை, குசினிக்குள் கொண்டுபோய் விறகடுப்பில் வைத்தாள். அன்றைக்கு அது பெரிய புத்தியாகத்தான் பட்டது. மகளிடம் மட்டும், "அலுமாரியில பத்திரமா வச்சிட்டன்" என்றாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை அஸ்ஹான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். நல்ல பிள்ளை, வாய் அதிகம் இல்லாதவன். அவனிடம் இதைச் சொல்லிவிடுகிறேன் என்று பஹ்மியா இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன கிழமை நபீஸா மகளின் கையைத் தன் தலையில் வைத்து அழுத்திச் சத்தியம் வாங்கிவிட்டாள். அதிலிருந்து பஹ்மியா தாயோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. பஹ்மியாவின் வாப்பா ஸைனுலாப்தீன் விருந்துக்கு மாடு பார்க்கக் கந்தளாய்க்குப் போயிருந்தார். கோட்டைப் பக்கமிருந்து வழக்கம்போல் ஊருக்குள் வந்த ஒரு மான் வாசலில் நின்று, பந்தலுக்குக் கட்டியிருந்த பச்சை ஓலையை ஆற அமரத் தின்றுகொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் நபீஸா விளக்குமாற்றோடு ஓடியிருப்பாள். இன்றைக்கு அவள் குளியலறை வாசலில் நின்றாள், கையில் ஒரு புது ரேசர்.

"இந்தா. ஜெஸ்மின் வரமுதல் வழிச்சிட்டு வா."

பஹ்மியா கையை நீட்டவில்லை. "இண்டைக்கு அவ வாக்ஸ் பண்ண வாறா. வழிச்சிட்டு நிண்டா என்ன நினைப்பா?"

"அதுக்குத்தான் சொல்றன். வாக்ஸ் பிடிக்கிறதுக்கு மயிர் ஒரு அரிசி நீளமாவது இருக்கணுமாம். பக்கத்து வீட்டு சனூஸாட்டக் கேட்டன். வழிச்சிட்டியெண்டா அவளுக்கு அங்க வேலை இல்ல. வேலை இல்லாத இடத்தை ஏன் பார்க்கப் போறா?"

நபீஸாவுக்குத் தன் யோசனையில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. விடிய விடியப் புரண்டு கண்டுபிடித்தது.

"உம்மா, ஒப்பரேஷனுக்குப் பிறகு நான் அந்த இடத்துல ரேசர் வைக்கிறதில்ல. கத்தரிக்கோலால ஒட்ட வெட்டிக் குறைக்கிறதோட சரி. அந்தத் தழும்பு மேடாக் கிடக்கு. தொட்டாலும் தெரியாது எனக்கு, மரத்துப் போய்க் கிடக்கு."

"மெதுவா வழி. எங்கட காலத்துல என்ன வாக்ஸ் இருந்த? எனக்குக் கலியாணத்துக்கு முதல் நாள் மதினி ஒரு பிளேட்டைப் பேப்பர்ல சுத்தித் தந்தா. வாயால ஒண்டும் சொல்லல்ல. நாப்பது நாளைக்கு ஒருக்காச் சுத்தமா இருக்கோணும், அவ்வளவுதான் மார்க்கம். எதால செய்யிற எண்டு ஆர் கேட்டா?"

"சரி, இண்டைக்கு ஜெஸ்மின் மதினி பார்க்கல்ல. ஞாயித்துக்கிழமை அவர் பார்ப்பாரே?"

"இருட்டுல என்னத்தைப் பார்க்கிற?"

பஹ்மியா தாயை நிமிர்ந்து பார்த்தாள். "இருட்டு எத்தனை நாளைக்கு உம்மா?"

நபீஸா ரேசரை மகளின் கைக்குள் திணித்து, விரல்களை மடக்கி, குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றாள்.

ஓட்டோ வந்து நின்ற சத்தமும் அதே நேரத்தில்தான் கேட்டது. ஜும்மா நேரம் என்று சொன்னவள் ஒரு மணித்தியாலம் முந்தி வந்துவிட்டாள்.

*

ஜெஸ்மினுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அஸ்ஹானின் மூத்த சகோதரி. இரண்டு பிள்ளைகளின் தாய். தெருவில் போகும்போது குனிந்த தலை நிமிராதவள், ஆனால் பார்லர் பெட்டியைத் திறந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவாள். விறாந்தை மேசையில் துவாயை விரித்தாள். மெழுகு சூடாக்கும் பேணி, துணிக் கீலங்கள், பவுடர், பஞ்சு, ஒரு கிரீம் டியூப், சின்னக் கத்தரிக்கோல், கையுறை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"பஹ்மியா எங்க மாமி?"

"குளிக்கிறா." நபீஸா குளிர்பானத்தை நீட்டினாள். "இதெல்லாம் என்னத்துக்கு மகள்? வீட்டுப் புள்ளைக்கு இவ்வளவு வேணுமா?"

"ஒவ்வொருத்தர்ட தோலுக்கு ஒவ்வொண்டு சரிவரும் மாமி." ஜெஸ்மின் பேணியின் வயரைச் சுவரில் செருகி ஆளியைப் போட்டாள். "ரேசர் சுகம், செலவில்ல, ஆரும் தேவையில்ல. ஆனா மூண்டாம் நாள் குத்தும், சில பேருக்குக் குரு குருவாப் போடும். கிரீம் வலிக்காது, ஆனா கையில தடவி ஒரு நாள் பார்த்திட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போடணும். கிண்ணியாவுல ஒரு புள்ள பார்க்காமப் போட்டு, கலியாணத்தன்றைக்கு இருக்க ஏலாம நிண்டுகொண்டே இருந்திச்சு. வாக்ஸ் வலிக்கும், ஆனா ஒரு மாசத்துக்குப் பயமில்ல. லேசர் எண்டா கொழும்புக்கு ஆறேழு தரம் போகணும்."

"கத்தரிக்கோல்?"

"அதுதான் எல்லாத்திலயும் நல்லம். வெட்டாது, எரியாது. ஆனா எங்கட ஆக்கள் அதை ஒரு வேலையா எடுக்கிறாங்க இல்லையே." ஜெஸ்மின் சிரித்தாள். "நான் முழுக்க எடுக்கமாட்டன் மாமி. ஓரம் மட்டும்தான். துவாய் போட்டுத்தான் செய்வன்."

இதுதான் சமயம் என்று நபீஸா நினைத்தாள். மடியில் கனம் இருப்பவள் வழியில் பயப்படாமல் என்ன செய்வாள்? மார்க்கத்தைத் தூக்கி முன்னால் வைத்தாள்.

"மகள், கோவிக்காதே. தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடையில ஒரு பொம்புளய இன்னொரு பொம்புள பார்க்கிறது கூடாதுதானே. பெத்த தாய்க்கே கூடாது. அது எங்களுக்கு விருப்பமில்ல. கை காலை மட்டும் செய்."

சொன்னது பொய்யில்லை. ஆனால் தன் வாயில் அது பொய்யாகத்தான் வந்தது என்று நபீஸாவுக்கே தெரிந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஜெஸ்மின் பேணிப் பக்கம் திரும்பினாள். மெழுகைக் குச்சியால் கிளறினாள். "ஓம் மாமி, நீங்க சொல்றது சரி. நானும் வாற பொண்டுகளுக்கு அதைத்தான் முதல்ல சொல்லுவன். கட்டாயம் இல்ல." பிறகு தலையைத் தூக்காமலேயே, "ஆனா எங்கட உம்மா கட்டாயம் செய்யச் சொன்னவ" என்றாள்.

"ஏன்?"

"சொன்னவ."

நபீஸாவுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. "இனிச் செய்யவும் ஏலாது. அவ இப்பத்தான் ரேசர் போடுறா" என்று அவசரமாகச் சொன்னாள்.

ஜெஸ்மினின் கையிலிருந்த குச்சி நின்றது. "இப்பவா? நான் வாறன் எண்டு தெரிஞ்சு கொண்டா?"

குளியலறைக் கதவு திறந்தது.

*

பஹ்மியா இள மஞ்சள் கவுணில் வந்தாள். தலையில் ஈரத் துவாய். "அஸ்ஸலாமு அலைக்கும் மதினி" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இரண்டு அடி வைத்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும்தான் தெரிந்தது. கவுணின் முன்பக்கம், அடிவயிற்றில், ஒரு சிவப்புப் பொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகன்றது.

"புள்ள, ரத்தம்!" ஜெஸ்மின் எழுந்துவிட்டாள்.

பஹ்மியா குனிந்து பார்த்தாள். "எனக்குத் தெரியவேயில்ல" என்றாள்.

"வெட்டுப்பட்டது தெரியாம இருக்குமா? வாங்க, படுங்க, பார்ப்பம்." ஜெஸ்மின் பஞ்சையும் மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டாள்.

நபீஸா குறுக்கே போய் அறை வாசலில் நின்றாள். "வேணாம். நான் பார்க்கிறன். சின்ன வெட்டுத்தானே, வெத்திலைச் சுண்ணாம்பு வைச்சா நிண்டிரும்."

"சுண்ணாம்பா? அந்த இடத்துலயா? மாமி, விடுங்க."

"விடமாட்டன். ஆரும் பார்க்கக் கூடாது எண்டு சொன்னன்தானே!"

குரல் உயர்ந்துவிட்டது. வாசலில் நின்ற மான்கூட ஓலையை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பியது. ஜெஸ்மின் ஒரு அடி பின்வாங்கினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒன்று சரியாகப் பொருந்திவிட்டதைப் போன்ற ஒரு அமைதிதான் இருந்தது. நபீஸாவை அதுதான் பயமுறுத்தியது.

பஹ்மியா தாயின் கையைப் பிடித்துக் கதவிலிருந்து எடுத்தாள். இழுக்கவில்லை, சும்மா ஒரு சாமானை நகர்த்தி வைப்பதுபோல் எடுத்து வைத்தாள்.

"வாங்க மதினி. வந்து பாருங்க."

"மகள்! என்ர தலையில சத்தியம் பண்ணினனீ!"

"வாயால சொல்லமாட்டன் எண்டுதான் சத்தியம் பண்ணினனான். நான் ஒண்டும் சொல்லல்லையே உம்மா."

*

புது மாப்பிள்ளைக்கென்று வெள்ளையடித்த அறை. கட்டிலில் விரிப்பு இன்னும் பிரிக்காத பொலித்தீனோடு கிடந்தது. அதன் மேலேயே பஹ்மியா படுத்துக்கொண்டாள். ஜெஸ்மின் துவாயை மடித்து, தேவையான இடம் தவிர மற்றதெல்லாம் மூடி, ஒழுங்காகத்தான் செய்தாள். பஞ்சால் ரத்தத்தைத் துடைத்தாள். அழுத்திப் பிடித்தாள். நபீஸா கட்டில் கால்மாட்டில் நின்று சுவரைப் பார்த்தாள்.

ரத்தம் நின்றது. ஜெஸ்மின் பஞ்சை எடுத்தாள். அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை. விரலால் அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகத் தடவினாள்.

"இது தெரியுதா?"

"இல்ல மதினி. மரத்துப் போய்ட்டு. அதுதான் வெட்டினதும் தெரியல்ல."

"எத்தனை வருசம்?"

"அஞ்சு. கட்டி ஒண்டு இருந்த. எடுத்தாங்க."

அவ்வளவுதான். ஐந்து வருடமாக நபீஸா அடைகாத்துக்கொண்டிருந்த ரகசியம் நாலு சொல்லில் முடிந்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. உட்துறைமுகப் பக்கம் ஏதோ ஒரு கப்பல் ஹோர்ன் அடித்தது, ஒரு காகம் கத்தியது. இதற்காகவா இவ்வளவு நாளும் செத்துச் செத்துப் பிழைத்தேன் என்று நபீஸாவுக்கு ஒரு நிமிடம் வெறுப்பாகக்கூட இருந்தது.

அந்த ஒரு நிமிடம்தான் அவளுக்குக் கிடைத்த ஆறுதல். ஜெஸ்மின் துவாயை இழுத்து மூடிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள்.

"பஹ்மியா, நான் மறைக்காமச் சொல்றன். உம்மா என்னை இண்டைக்கு அனுப்பினது வாக்ஸுக்கு இல்ல. பார்த்திட்டு வரச் சொல்லித்தான்."

நபீஸா திரும்பினாள். "என்னத்தைப் பார்த்திட்டு வர?"

"இதை." ஜெஸ்மின் நபீஸாவைப் பார்க்காமலே சொன்னாள். "குச்சவெளியில உம்மாட தூரத்துச் சொந்தம் ஒருத்தி இருக்கிறா. கலியாணக் கார்ட் குடுக்கப் போன இடத்துல பொண்ணுட பேரைக் கேட்டிட்டு, 'இந்தப் புள்ளைய நான் கொழும்பு ஆஸ்பத்திரியில கண்டனான், அஞ்சு வருசத்துக்கு முதல்' எண்டு சொல்லியிருக்கிறா. அவட மகள் பிள்ளைப்பேத்துக்கு இருந்த அதே வார்டுலயாம். அடுத்த கட்டிலாம்."

பஹ்மியா துவாயை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அது பொம்புளையள்ட வார்ட் மதினி" என்றாள் பஹ்மியா. "எல்லா வருத்தத்துக்கும் அங்கதான் போடுவாங்க."

"எனக்குத் தெரியும் புள்ள. ஆனா உம்மா பக்கத்து ஆக்கள்ட்ட விசாரிச்சா. அஞ்சு வருசத்துக்கு முதல் பஹ்மியா எங்க இருந்த எண்டு கேட்டா. எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லியிருக்கிறாங்க: ஒன்றரை மாசம் கொழும்புல கம்பியூட்டர் படிக்கப் போனவ எண்டு." ஜெஸ்மின் இப்போதுதான் நபீஸாவை நேராகப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைய ஏன் மாமி படிக்கப் போனா எண்டு சொன்னீங்க?"

மகளுக்குப் பிள்ளை பிறக்காது என்று ஊர் சொல்லிவிடக் கூடாதென்று நபீஸா கட்டிய பொய், மகளுக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை பிறந்துவிட்டது என்று ஊர் சொல்ல இடம் கொடுத்து நிற்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அவளும்தான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். தன் கையாலேயே அந்த வாயைத் திறந்து வைப்பாள் என்று நினைக்கவில்லை.

"அல்லாஹ்வே..." என்று சுவரில் சாய்ந்தாள். "கட்டி மகள். குரும்பை மாதிரிக் கட்டி. நான் கண்ணால கண்டன்."

"தழும்பைப் பார்த்தா உங்களுக்குத் தெரியாதா மதினி?" பஹ்மியா எழுந்து உட்கார்ந்தாள். அவள் குரலில் அழுகை இல்லை, கசப்பு மட்டும் இருந்தது. "எத்தனை பேர்ட பார்த்திருப்பீங்க. எது பிள்ளைக்கு வெட்டினது, எது கட்டிக்கு வெட்டினது எண்டு தெரியாதா?"

ஜெஸ்மின் தலையை ஆட்டினாள். "என்ர ரெண்டு பிள்ளைக்கும் இதே இடத்துலதான் வெட்டினவங்க. இதே நீளம். இதே கோடு. ரெண்டையும் பக்கத்துல வச்சா எனக்கே வித்தியாசம் தெரியாது."

"அப்ப, இஞ்ச வந்து பார்த்து என்ன கண்டுபிடிக்கச் சொன்னவ உங்கட உம்மா?"

"கோடு இருக்கா இல்லையா எண்டு. இருந்தா ஒரு முடிவு, இல்லாட்டி ஒரு முடிவு." ஜெஸ்மின் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாற வழியெல்லாம், இருக்கக் கூடாது எண்டுதான் துஆ கேட்டுக்கொண்டு வந்தன். தொழிலுக்கெண்டு ஒரு மரியாதை இருக்கு. ஒருத்தி என்னை நம்பிப் படுக்கிறா, அவட உடம்பை நான் வெளியில போய்ச் சொல்றதில்ல. இண்டைக்கு அதுவும் போச்சு."

"அவருக்குத் தெரியுமா?"

"அஸ்ஹானுக்கா? தெரியாது. உம்மா இன்னும் சொல்லல்ல. நான் என்ன சொல்றனோ அதைப் பொறுத்துத்தான் சொல்லுவா."

ஜெஸ்மினின் கைப்பைக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. யாரென்று யாரும் கேட்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

பஹ்மியாவின் முகம் திடீரென்று தெளிந்தது. "மதினி, டயக்னோசிஸ் கார்ட் இருக்கு! ஆஸ்பத்திரியால வரக்குள்ள தந்தது. என்ன கட்டி, எந்தத் திகதி, என்ன வெட்டு எல்லாம் அதுல எழுதியிருக்கு. டொக்டர்ட சைன், சீல் எல்லாம் இருக்கு. உம்மா அதைப் பத்திரமா வச்சிருக்கிறா."

ஜெஸ்மின் நிமிர்ந்தாள். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. உண்மையான சந்தோஷம்தான், நடிப்பில்லை.

"கார்ட் இருக்கா? அதை முதல்லயே சொல்றதில்லையா புள்ள! குடுங்க, ஒரு படம் எடுத்து இப்பவே அனுப்புறன். எழுத்துல இருந்தா உம்மா ஒரு சொல் கதைக்கமாட்டா. அந்தக் குச்சவெளிக்காரிட வாயையும் நானே அடைக்கிறன். அஸ்ஹானுக்கு நீங்களே ஆறுதலாச் சொல்லலாம்." அவள் பஹ்மியாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சிருங்க."

"உம்மா," என்றாள் பஹ்மியா. ஒரு கிழமைக்குப் பிறகு அவள் தாயை முகம் பார்த்து, சிரித்து அழைத்தாள். "உம்மா, அந்தக் கார்டை எடுத்திட்டு வாங்க."

*

நபீஸா தன் அறைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வாள்?

இடுப்பிலிருந்த திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தாள். மேல் தட்டில் சேலைகள். நடுத்தட்டில் லாச்சி. லாச்சியை இழுத்தாள். எல்லாம் இருந்தன. வீட்டு உறுதிப் பத்திரம் இருந்தது. பஹ்மியாவின் பிறப்புச் சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அவள் சின்ன வயதில் போட்ட தடுப்பூசி அட்டை, முதலாம் வகுப்பு ரிப்போர்ட், குர்ஆன் ஓதி முடித்த அன்றைக்கு எடுத்த படம், ஸைனுலாப்தீனின் கண்ணாடிக்கு எழுதிய துண்டு கூட இருந்தது. ஒரு கடுதாசியையும் எறிகிற பழக்கம் நபீஸாவுக்கு இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு அட்டையைத்தான் அடுப்பில் வைத்தாள்.

அது எரிந்த விதம் நன்றாக ஞாபகம் இருந்தது. தடித்த அட்டை, சட்டென்று பிடிக்கவில்லை. ஊதுகுழலை எடுத்து ஊதினாள். மூலை சுருண்டு, டொக்டரின் கையெழுத்துக் கறுத்து, பிறகுதான் தீப்பற்றியது. அன்றைக்கு அதே அடுப்பில் மகளுக்குக் கஞ்சி காய்ச்சினாள்.

ஆஸ்பத்திரியில் எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்கள். தேடிப் பிடிக்கலாம், கெஞ்சிக் கேட்கலாம். ஆனால் இன்றைக்கு வெள்ளி. கொழும்புக்குப் போய்ச் சேரமுதல் ஆஸ்பத்திரிக் கந்தோர் மூடிவிடும், இனித் திறக்கத் திங்கட்கிழமை ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நிக்காஹ்.

போய்ச் சொல்லிவிடலாம். "எரிச்சிட்டன் மகள்" என்று இரண்டு சொல். நபீஸா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். கார்டை எரித்தேன் என்று ஒரு தாய் சொன்னால் யார் நம்புவார்கள்? மறைக்க ஒன்றும் இல்லாதவள் ஏன் எரித்தாள் என்று சித்தி பரீதா கேட்பாள். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன் என்று நபீஸா நினைத்தாள். ஊரெல்லாம் விட்டுவிட்டாலும், பஹ்மியா? அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"கிடைச்சுதா உம்மா?" அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. அதில் அவசரம் இல்லை, சந்தேகம் இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகமுதல் தலைவாரச் சீப்புக் கேட்பாளே, அந்தக் குரல்.

நபீஸா பிறப்புச் சான்றிதழைத் தூக்கினாள், வைத்தாள். ரிப்போர்ட்டைத் தூக்கினாள், வைத்தாள். இல்லாத ஒன்றைத் தேடும் கைகள் உண்மையாகவே தேடின.

"உம்மா? இருக்குதானே?"

இப்போதாவது சொல்லு என்று மனம் கத்தியது. வாய் பழக்கப்பட்ட வழியிலேயே போயிற்று.

"இருக்கு மகள். இந்தா எடுக்கிறன்."

போன் மூன்றாவது தரம் அடித்தது. இந்த முறை ஜெஸ்மின் எடுத்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் சந்தோஷத்தில் உரக்கக் கேட்டது.

"ஓம் உம்மா, பார்த்தன், கோடு இருக்கு. கட்டிக்கு வெட்டினது. கார்ட் இருக்காம், மாமி கையில எடுத்திட்டா. அஞ்சு நிமிசத்துல அனுப்புறன், அஸ்ஹானையும் பக்கத்துல கூப்பிட்டு வச்சிருங்க."